கழுவிக் கொட்டிய கொழுப்பு

“கொழுப்பு வெறும் சுவரும்மா. சுவர் எங்கயாவது வேலை செய்யுமா? வேலைக்குக் கொத்தனார்தான் வரணும்.”

என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் இதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில். தஞ்சாவூரில் அவருடைய ஆய்வகத்தில் நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது கடைசி வெட்டைப் போடுவது புரதங்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தப் புரதங்களைச் சரியான இடத்துக்கு வரவழைப்பது செல்லின் தோலில் இருக்கிற கொழுப்பாக இருக்கலாமா என்று நான் கேட்டிருந்தேன். அவ்வளவுதான். கொத்தனார் என்றதும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களில் மூத்த ஆராய்ச்சி மாணவர், நாங்கள் எல்லாரும் சீனியர் என்று கூப்பிடுகிறவர், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, “இவங்களுக்கு இருக்கறதே போதும் சார், செல்லுக்கு வேறயா?” என்றார். மறுபடியும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் அங்கே என் நாட்கள் சுலபமாகப் போயிருக்கும். அந்தச் சுலபம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கடைசி வெட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என் வயதில் நல்ல வருடங்கள் அதற்குள்தான் போயின. பள்ளிப் புத்தகத்தில் செல் பிரிவது ஒரு வரியில் முடிந்துவிடும்: தாய்ச்செல் பிரிந்து இரண்டு சேய்ச்செல்கள் ஆகின்றன. உண்மையில் அது அவ்வளவு நேராக நடப்பதில்லை. உள்ளே இருக்கும் மரபுப்பொருள் இரண்டு பங்காகி இரண்டு பக்கமும் போனபிறகு, செல்லின் இடுப்பில் ஒரு வளையம் இறுகுகிறது, சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பது போல. இறுகி இறுகி, இந்தப் பக்கம் ஓர் உருண்டை, அந்தப் பக்கம் ஓர் உருண்டை, நடுவில் நூல்போல ஒரு பாலம் என்று வந்து நிற்கும். வளையத்தின் வேலை அதோடு சரி. அந்தப் பாலத்தை அதனால் அறுக்க முடியாது. பார்க்கிறவர் கண்ணுக்கு அவை இரண்டு செல்கள். உள்ளே இன்னும் ஒன்றுதான். வெகுநேரம் அப்படியே நிற்கும். பிறகு சில புரதங்கள் வந்து பாலத்தின் உட்புறத்தில் சுருள்சுருளாகக் கோத்துக்கொண்டு, நெரித்து, அறுத்துவிடும். அறுபடாமல் போனால் இரண்டு உருண்டைகளும் மெல்லப் பின்வாங்கி மறுபடியும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரே செல், இரண்டு உட்கரு. அது நல்லதற்கில்லை. புற்றுநோய் தொடங்குகிற வழிகளில் அதுவும் ஒன்று.

அந்தப் புரதங்களுக்குத் தங்கள் இடம் எப்படித் தெரிகிறது என்பதுதான் என் கேள்வி. செல்லின் தோல் கொழுப்புகளால் ஆனது. ஒரே கொழுப்பு அல்ல, பல வகை. அவற்றில் ஒரு வகை அந்தப் பாலத்தில் வந்து கூடிப் புரதங்களுக்குப் பிடிமானம் கொடுக்கிறது, வெட்டு விழுகிற நேரத்தில் அதுவே விலகியும் போக வேண்டியிருக்கிறது என்று வெளிநாட்டு ஆய்விதழ்களில் ஊகமாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள், யாரும் அதைப் படமாகக் காட்டியிருக்கவில்லை. சார் அதை நம்பவில்லை. நம்பாததற்கு அவரிடம் காரணமும் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் யாரும் பாலத்தில் அந்தக் கொழுப்பைப் பார்த்ததில்லை. கொழுப்பில் ஒட்டிப் பச்சையாக ஒளிர்கிற சாயத்தைப் போட்டுப் பார்க்க முயன்ற ஒவ்வொரு முறையும் படம் இருட்டாகவே வந்தது.

என் வீட்டில் எனக்கு முன்னால் படித்தவர்கள் கிடையாது. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஓட்டுப் போட மட்டும்தான். அண்ணன் ஐந்தாவதோடு நின்றுவிட்டான். திருத்துறைப்பூண்டியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போகிற ஊர். அடுத்தவர் நிலத்தில் அம்மா நடவு நட்டாள், அப்பா வரப்பு வெட்டினார், அறுப்புக்கு இரண்டு பேரும் போனார்கள். பிறகு அறுவடைக்கு மெஷின் வந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார்கள். ஒரு பொழுதுக்குள் எங்கள் தெருவே சேர்ந்து அறுக்கிற வயலை அது வாரிக்கொண்டு போய்விடும். அப்பா மெஷினுக்குப் பின்னால் போய்ச் சிந்தின கதிரைப் பொறுக்க மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் மீசை முளைத்தவர்கள் எல்லாம் ஏஜென்டைப் பார்க்கப் போனார்கள். அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போனான். தான் படிக்காதவன் தங்கச்சியைப் படிக்க வைத்தான் என்று ஊரில் அவனைப் பற்றிச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் படித்தேன் என்பது. அதை யாரும் சொல்வதில்லை.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் அதை வகுத்துச் சொன்னதில்லை. செல்களை வளர்ப்பது, அவற்றுக்கு ஊட்டநீர் மாற்றுவது, சின்னக் கண்ணாடி வில்லைகளில் அவற்றைப் பதிப்பது, கழுவுவது, சாயம் ஏற்றுவது எல்லாம் பெண்கள். நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்து படம் எடுப்பது சீனியரும் மற்ற ஆண்களும். வில்லைகளைத் தட்டில் அடுக்கி மூடி, ஏசி போட்ட அந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு நாங்கள் வெளியே வந்துவிட வேண்டும். “பொம்பளப் புள்ளைங்களுக்குக் கை பதமா இருக்கும். செல்லுக்கு அதுதான் வேணும்” என்று சார் பாராட்டாகவே சொல்வார்.

என்னோடு கழுவுகிற வேலையில் இருந்தவள் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி. அவளுடைய வாப்பா சவூதியில் கடை வைத்திருந்தார். எனக்கு அங்கே இருந்த ஒரே தோழி அவள்தான். வில்லைகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரும்போதெல்லாம் சொல்வாள்: “நாம ஆக்கிப் போடறோம். அவங்க பந்தியில உக்காந்து தின்னுட்டு உப்பு கம்மிங்கறாங்க. எங்க உம்மாவுக்கும் இதே கதிதான். என்ன, அவங்க செய்யறதுக்கு ஆராய்ச்சின்னு பேரு இல்ல.”

கழுவுகிறவளுக்குத்தான் கழுவலைப் பற்றி யோசிக்கத் தோன்றும். செல்லுக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் சாயம் உள்ளே போக வேண்டும். அது போவதற்கு வழியாகத் தோலில் துளை போட, டிடர்ஜென்ட் கரைசலில் செல்களைக் கழுவுவோம். எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரே டிடர்ஜென்ட்தான். யாராவது ஒருத்தி பெரிய பாட்டிலில் கலந்து வைத்துவிடுவாள், எல்லாரும் அதிலிருந்து எடுத்துக்கொள்வோம். புரதத்தைப் பார்ப்பதற்கு அதில் குறையே கிடையாது. ஆனால் அது துளை போடுவது எப்படி? கொழுப்பைக் கரைத்துத்தான். எண்ணெய்ச் சட்டியில் பிசுக்குப் போகிற மாதிரி. நாங்கள் தேடியது கொழுப்பை. தேடுவதற்கு முன்னால் அதைக் கழுவிச் சாக்கடையில் கொட்டினோம். பிறகு இருட்டான படத்தைப் பார்த்து, அங்கே கொழுப்பு இல்லை என்று முடிவு கட்டினோம். நான் சேர்வதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே இப்படித்தான் நடந்துவந்தது. சீனியருடைய முதல் கட்டுரையில் அந்த முடிவு ஒரு வரியாகவே இருக்கிறது.

நான் கண்டுபிடித்த புதிய உண்மை என்று இதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். கொழுப்பையே வேலையாக வைத்திருக்கிறவர்கள் வேறு இடங்களில் சப்போனின் என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தேன். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினால் நுரைக்கிறதே, அந்த நுரைக்குக் காரணமான பொருள்தான். அது தோலைக் கரைத்துத் தள்ளாது. அங்கங்கே துளை போட்டுவிட்டு மற்றதை விட்டுவைக்கும். ஆனால் தொல்லை பிடித்தது. எல்லாக் கரைசலிலும் அதைச் சேர்க்க வேண்டும், முழு வேலையையும் ஐஸ் மேல் வைத்துச் செய்ய வேண்டும், கொஞ்சம் சூடேறினாலும் கொழுப்பு இடம் மாறிவிடும்.

சாரிடம் கேட்டேன். “நம்ம முறை எங்க சார் எனக்குக் குடுத்தது. அதுல கை வைக்காத” என்றார். தோழியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். “செல்லை அலசப் போறியா, பட்டுப்புடவை அலசப் போறியா? அப்படியே எங்க அக்கா கல்யாணப் புடவை ஒண்ணு கெடக்கு, திருபுவனம் பட்டு. அதையும் போட்டு எடுத்துரு.” ஆனால் வேதியியல் துறையில் தெரிந்தவர்களிடம் சொல்லி, ஒரு சின்ன சீசாவில் சப்போனின் வாங்கி வந்து கொடுத்ததும் அவள்தான்.

பொங்கலுக்கு ஆய்வகம் காலியாகிவிடும். செல்களுக்குப் பொங்கல் கிடையாது. ஊட்டநீர் மாற்றாவிட்டால் செத்துப்போகும். அந்த வேலை ஒவ்வொரு வருடமும் என் தலையில்தான் விழும். ஊர் பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பார்கள். சென்னைக்குப் போகிற சீனியருக்குத்தான் டிக்கெட் எடுத்தாக வேண்டியிருந்தது. நான் சேர்ந்து நாலாவது பொங்கலுக்கு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். அவன் போன பிறகு வீட்டுக்கு வருகிற முதல் பொங்கல்.

“மாட்டுப் பொங்கலுக்காவது வந்துருவல்ல?” என்று போனில் கேட்டான்.

“செல்லுக்குத் தீனி மாத்தணும்ணா.”

“அது என்ன கோழிக்குஞ்சா? பக்கத்துல யார்கிட்டயாச்சும் சொல்லிட்டு வா.”

அம்மா போனை அவனிடமிருந்து வாங்கினாள். “மாடு வச்சிருக்கவன்கூட ஆளை விட்டுட்டு ஊருக்கு வந்துர்றான். நீ கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்குக் காவல் காக்கறியாக்கும்.”

“ஆமாம்மா.”

“அவன் மறுபடி எப்ப வருவான்னு தெரியாது.”

“தெரியும்மா.”

“என்னமோ, படிச்சவ சொல்ற” என்று அம்மா வைத்துவிட்டாள்.

நுண்ணோக்கி அந்த நாட்களில் காலியாக இருக்கும் என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்பதற்காக அல்ல. புரிந்துவிடும் என்பதற்காக.

பொங்கலன்று காலை சப்போனினில் அலசிய வில்லைகளை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனேன். நுண்ணோக்கியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டை வைக்கப் போகிற சாக்கில் நின்று நின்று பார்த்தே எந்தத் திருகு எதற்கு என்று கற்றிருந்தேன். உட்கார்ந்தேன். முதலில் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மெல்லக் குவித்தபோது இரண்டு செல்கள் தெரிந்தன, நடுவில் பாலம். பாலத்தின் மத்தியில் ஒரு சின்ன முடிச்சு, அதன் இரண்டு பக்கமும் சாயத்தின் பச்சை. மற்ற தோலில் இல்லாத அடர்த்தியான பச்சை. எங்கள் ஆய்வகத்தில் இல்லவே இல்லை என்று எழுதி வைத்திருந்த கொழுப்பு அது.

அதே தட்டில் வளர்ந்த செல்களை எங்கள் பழைய டிடர்ஜென்டில் கழுவியும் கொண்டுபோயிருந்தேன். அவை இருட்டாக இருந்தன. மருந்து போட்டு அந்தக் கொழுப்பைக் குறைத்த செல்களையும் பார்த்தேன். பாலங்கள் அறுபடாமல் நீண்டு கிடந்தன. பல செல்கள் பின்வாங்கி ஒன்றாகி, இரண்டு உட்கருவோடு உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றையும் படம் எடுத்தேன். மத்தியானம் வாட்ச்மேன் கதவைத் தட்டி, “இன்னைக்கு நாளும் அதுவுமாவாம்மா?” என்று கேட்டுக் கரும்புத் துண்டு ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். அறைக்குள் எதையும் தின்னக் கூடாது. வெளியே வெயிலில் நின்று தின்றேன். என் வாழ்க்கையில் எந்த நாள் சந்தோஷமாக இருந்தாய் என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன். எழுதும்போது வாய் கசப்பதும் அதனால்தான்.

விடுமுறை முடிந்து வந்த சாரிடம் படங்களைக் காட்டினேன்.

“யார் எடுத்தது?”

“நான்தான் சார்.”

“மைக்ராஸ்கோப் ரூம் சாவி உனக்கு யார் குடுத்தா?”

அதுதான் அவருடைய முதல் கேள்வி. தீனி மாற்றுகிறவளிடம் எல்லாச் சாவியும் இருக்கும் என்று சொன்னேன். பிறகு அவர் வெகுநேரம் படங்களைப் பார்த்தார். அவர் மோசமான விஞ்ஞானி இல்லை. நம்பிவிட்டார் என்பது எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது. பழைய டிடர்ஜென்டில் கழுவியதும் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் விளக்க நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நல்லா வந்திருக்கும்மா. இதை உங்க சீனியர்கிட்ட குடுத்துடு. ஜூன்ல அமெரிக்கா போறான். போறதுக்குள்ள அவன் பேர்ல ஒரு நல்ல பேப்பர் வேணும். உன் பேரும் நடுவுல வரும்.”

“நான்தானே சார் பண்ணினேன்.”

“பண்ணினது யாருங்கறது விஷயம் இல்லம்மா. எடுத்துச் சொல்றது யாருங்கறதுதான் விஷயம். வெளியாளுங்க வந்து இங்கிலீஷ்ல நாலு கேள்வி கேட்டா நீ நிப்பியா? உனக்கு என்ன அவசரம்? நாளைக்குக் கல்யாணம் ஆனா சிங்கப்பூரோ துபாயோ போயிடுவ. அவனுக்கு இதுதான் வாழ்க்கை.”

அண்ணன் சிங்கப்பூர் போனால் கூலி வேலை. நான் போனால் கல்யாணம். சீனியர் அமெரிக்கா போனால் வாழ்க்கை. மூன்று பேரும் ஏறுவது ஒரே மாதிரி விமானத்தில்தான். எதற்குப் போகிறோம் என்று பெயர் வைக்கிற உரிமை மட்டும் எங்களிடம் இல்லை.

படங்கள் ஆய்வகக் கணினியில்தான் இருந்தன. சீனியர் எடுத்துக்கொண்டார். “சூப்பரா வந்திருக்குங்க. உங்க கைராசி” என்றார். எப்படிக் கழுவினேன் என்று கேட்கவில்லை. அத்தனை வருடங்களில் எங்களில் யாரையும் அவர் கேட்டதில்லை. வில்லை வரும், படம் எடுப்பார். அன்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதவரிடம் நானாகப் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“சொல்லித் தொலையேன்டி” என்றாள் தோழி.

“கேக்கட்டும்.”

“கேக்க மாட்டாரு. சோறு எப்படி வெந்துச்சுன்னு எந்த ஆம்பள கேட்டிருக்கான்?”

மாசி மாதம் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டம் வந்தது. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். துறை முழுக்கக் கூடியிருந்தது. என் முறை வந்தபோது, சொல்லிக் கொடுத்தபடி புரதத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தேன். கடைசியாகச் சீனியர் எழுந்து பேசினார். அவருடைய இங்கிலீஷ் அழகானது. திரையில் என் பச்சைப் பாலம் ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. முதன்முதலாக நாங்கள் இதைக் கண்டோம் என்றார். நிபுணர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார், பிரமாதம் என்றார். மாணவர்களில் யாருக்காவது கேள்வி உண்டா என்று சார் ஒரு மரியாதைக்குக் கேட்டார். அப்படிக் கேட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

நான் எழுந்தேன். இங்கிலீஷில்தான் கேட்டேன். “இந்தச் செல்களை எந்தக் கரைசலில் கழுவினீர்கள்?”

சீனியர் சிரித்துக்கொண்டே எங்கள் வழக்கமான டிடர்ஜென்டின் பெயரைச் சொன்னார்.

“அதில் கழுவினால் கொழுப்பு கரைந்து போய்விடுமே. பிறகு இது எப்படித் தெரிகிறது?”

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார். கழுவல் மாறியிருக்கிறது என்பதே அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. “அது ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம், அப்புறம் பேசிக்கலாம்” என்று சார் தமிழில் சொன்னார். நிபுணர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அது சின்ன விஷயம் இல்லை என்றார். கழுவியது யார் என்று கேட்டார். நான் என்றேன். எப்படி என்றார். சொன்னேன். சப்போனின், ஐஸ், பழைய டிடர்ஜென்டோடு செய்த ஒப்பீடு, கொழுப்பைக் குறைத்தால் என்ன ஆகிறது என்பது வரை. அதற்கு எவ்வளவு இங்கிலீஷ் வேண்டுமோ அவ்வளவு என்னிடம் இருந்தது. படம் எடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்தேன். “முக்கியமான முடிவு. யார் செய்தது என்பதை உங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்” என்று சாரிடம் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் தோழியைத் தவிர யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. நிபுணர் எனக்கு எதிர் மேசையில் சாரோடு உட்கார்ந்து மோர்க்குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

மறுநாள் சார் அறைக்குக் கூப்பிட்டார். “வீட்டுல சண்டைன்னா தெருவுல நின்னு கத்துவியா?”

“அவர் சொன்னது பொய் சார்.”

“பொய் இல்ல. தெரியாம சொன்னான். தெரியாததும் பொய்யும் ஒண்ணா?”

“தெரியாததைத் தன்னோடதுன்னு சொன்னா ஒண்ணுதான் சார்.”

அவர் கோபமில்லாமல், எனக்குப் பாடம் எடுக்கிற குரலில் சொன்னார். “இத பாரும்மா. அவன் பண்ணினது தப்புன்னு எனக்கும் தெரியும். ஆனா அவனை நான் எங்க வேணா அனுப்பலாம். என் ஸ்டூடன்ட்னு சொன்னா நாலு பேர் எடுத்துப்பாங்க. உன்னை என்னன்னு சொல்லி எங்க அனுப்பறது? இப்ப ரெண்டு பேருக்கும் இல்லாமப் பண்ணிட்ட.”

அப்படித்தான் ஆனது. இனி எங்கள் ஆய்வகத்தில் கொழுப்பு என்ற பேச்சு கிடையாது என்றார். அந்தப் படங்கள் சந்தேகத்துக்கு இடமானவை, யாரும் எங்கும் காட்டக் கூடாது. நான் சீனியரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். புரதத்தை மட்டும் வைத்து ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தால் பட்டம் கிடைக்கும். சாவிகளை வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். சீனியர் வேறொரு கட்டுரையோடு, சொன்னபடி ஜூனில் அமெரிக்கா போய்விட்டார். அவருக்கு ஒன்றும் குறையவில்லை. போகும்போது எனக்கு நல்ல வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனார், அதில் கேலிகூட இல்லை.

அண்ணனிடம் போனில் சொன்னேன். செல்லைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. மன்னிப்பைப் பற்றித் தெரியும்.

“கேட்டுட்டுப் போயேன். நான் இங்க சூப்பர்வைசர்கிட்ட டெய்லி கேக்கறேன், செய்யாத தப்புக்கு. வாயில இருந்து போற காத்துதானே.”

“நீ கேட்டா உனக்கு வேலை நிக்கும்ணா. நான் கேட்டா அந்தப் படம் பொய்யாயிடும்.”

பட்டறைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, “அப்ப கேக்காத” என்றான். பிறகு, “அம்மாகிட்ட என்ன சொல்றது?” என்றான்.

அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு ஊரில், ஹைதராபாத்தில், ஓர் ஆய்வகத்தில் இடம் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் முதல் வருடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றேன். “அப்ப இத்தனை வருஷம் படிச்சது?” என்று அம்மா கேட்டாள். கணக்கில் வராது என்றேன். அவள் திட்டவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

ஹைதராபாத் நேர்காணலில், பழைய இடத்தை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். கழுவுவதில் கருத்து வேறுபாடு என்றேன். சிரித்தார்கள். நான் விளக்கியபிறகு சிரிப்பு நின்றது. ஆனால் அவர்களும் ஒன்று சொன்னார்கள்: பழைய படங்கள் இங்கே செல்லாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து நீங்களே செய்து காட்ட வேண்டும். நியாயம்தான். இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு பலரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் மறுபடி அந்தப் பாலத்துக்கு வந்து சேர்வதற்குள் யாராவது எழுதி முடித்துவிடலாம். அப்போது நான் பார்த்தது இரண்டாவதாகப் பார்த்ததாக ஆகிவிடும். பொங்கலன்று அந்த அறையில் நான் இருந்தேன் என்பதற்குச் சாட்சி ஒரு வாட்ச்மேன் மட்டும்தான். அவருக்கும் நான் எதைப் பார்த்தேன் என்று தெரியாது.

இடம் கிடைத்தது. போன வாரம் தோழி ஹைதராபாத்துக்குப் போன் செய்தாள். அவள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.

“சார் உன்னைக் கேட்டாருடி. எல்லார் முன்னாடியும் வேணாமாம். ரூமுக்குள்ள வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். புரதத்தை எழுதிக் குடுத்தா இந்த வருஷமே முடிச்சு விட்டுர்றேன்னாரு. நல்லாத்தான் பேசினாரு. என்ன சொல்லட்டும்?”

“பல்கலைக்கழகத்துல என் பதிவை ரத்து பண்ணிட்டேன்னு சொல்லு.”

“அடிப்பாவி. எப்ப?”

“இங்க வர்றதுக்கு முன்னாடியே.”

எதிரே மேசையில் ஐஸ் தட்டு இருந்தது. இங்கே நான் பதித்த முதல் செல்கள் அதன் மேல், சப்போனின் கரைசலில். கடைசி அலசலுக்கு நேரமாகிவிட்டது, நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டேன்.